‘இதுவும் பிரச்சாரம்தானே டீச்சர்?’

அடுத்த கேள்வி, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன். “எட்டாம் வகுப்புக்குக் கட்டுரை, செய்தி, விளம்பரம் ஆகியவற்றில் வரும் பிரச்சார உத்திகளைச் சொல்லிக்கொடுத்தேன். ஆர்வமாகக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் இப்போது எதை வாசிக்கக் கொடுத்தாலும் ‘இதுவும் பிரச்சாரம்தானே டீச்சர்?’ என்கிறார்கள். வ.உ.சி. பற்றிய கட்டுரையையும் அப்படித்தான் சொன்னார்கள். எங்கே தவறினேன்? இதைத் தேர்வில் எப்படிக் கேட்பது?”

டீச்சர், நீங்கள் தவறவில்லை. பாதி வழி வந்திருக்கிறீர்கள். உத்தியைக் கண்டுபிடிப்பது முதல் பாதி. அந்த உத்தியைக் கழற்றி வைத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது மறு பாதி. பெரும்பாலான வகுப்புகளில் முதல் பாதியோடு மணி அடித்துவிடுகிறது.

இது இன்றைக்கு வந்த சிக்கலும் இல்லை. 1937-ல் நியூயார்க்கில் பிரச்சாரத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முத்திரை குத்துவது, பளபளப்பான சொற்களைத் தூவுவது, பெரிய ஆள் வாக்கை முன்னால் நிறுத்துவது, ‘நானும் உங்களில் ஒருவன்தான்’ என்று பேசுவது, ‘ஊரே வந்துவிட்டது, நீ மட்டும் ஏன் நிற்கிறாய்’ என்பது முதலாக நாம் சொல்லிக்கொடுக்கும் ஏழு உத்திகளும் அங்கே வகுத்தவைதான். அங்குள்ள பள்ளிக்கூடங்களில் இந்தப் பாடம் நன்றாகப் பரவியது. இப்படியே போனால் பிள்ளைகள் எதையும் நம்பாதவர்களாக ஆகிவிடுவார்கள் என்ற குறையும் அப்போதே எழுந்தது. உங்கள் வகுப்பில் நடப்பது அதேதான். ‘இது பிரச்சாரம்’ என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுகிற பிள்ளையும் முத்திரைதான் குத்துகிறது. அதை அந்தப் பிள்ளையிடம் அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, வ.உ.சி. கட்டுரைக்கு வருவோம். பிள்ளை கவனித்தது சரிதான், அதைப் பாராட்டுங்கள். ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘செக்கிழுத்த செம்மல்’ இரண்டும் நம் மனதை ஒரு பக்கம் சாய்க்கும் அடைமொழிகள்தான். இப்போது கரும்பலகையில் அவற்றைப் பிரித்துப் போடுங்கள். ‘செக்கிழுத்த’ என்பது தகவல், சரிபார்க்கலாம். ‘செம்மல்’ என்பது எழுதியவரின் மதிப்பு. மதிப்பையெல்லாம் அழித்துவிட்டு மிஞ்சுவதை வாசிக்கச் சொல்லுங்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் போக்குவரத்து. 1908-ல் கைது, நாற்பது ஆண்டுத் தண்டனை, பின்பு மேல்முறையீட்டில் குறைப்பு. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகள். 1912-ல் விடுதலை. அடைமொழி ஒன்றுகூட இல்லாமல் அந்த மனிதர் நிற்கிறார் அல்லவா?

அடுத்த நாள், திருநள்ளாறு கோயிலுக்கு மேலே செயற்கைக்கோள்கள் ஸ்தம்பித்து நிற்பதாக நாசா சொன்னது என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதைக் கொடுங்கள். நாசா என்ற பெயரை அடித்துவிட்டு வாசித்தால், எந்தச் செயற்கைக்கோள், எந்த ஆண்டு, யார் அளந்தார்கள் என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே பிள்ளைகளுக்கு வித்தியாசம் விளங்கிவிடும்.

உத்தி இருந்தால் பொய் என்ற எண்ணத்தை உடைக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் போலியோ சொட்டு மருந்து. சினிமா நட்சத்திரங்கள் வந்து சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ‘பெரிய ஆள் வாக்கு’ என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் சொன்ன விஷயம் உண்மை. 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றும் கிடைத்தது.

மறுபக்கம், ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஏமாற்றவும் முடியும். ஜூன் மாதம் நம் ஊர்ச் சுவர்களில் ‘100 சதவீதத் தேர்ச்சி’ என்று போஸ்டர் ஒட்டுவார்கள். தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர் என்று போஸ்டரில் இருக்காது. இதைப் பிள்ளைகளே சொல்வார்கள். அவர்களுடைய அண்ணனுக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ நடந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு, அதை இலக்கண வகுப்பிலேயே நடத்தலாம். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, தீ வைக்கப்பட்டது, போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். ஆங்கிலேயர் ஆவணங்களில் அது கலவரம், நம் புத்தகங்களில் எழுச்சி. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி அன்றைய அரசு அதிகாரியாகவும் மறு பாதி சுதேசிக்காரராகவும் அதே தகவல்களை வைத்து ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். பொய் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. பிறகு வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். ‘நால்வர் உயிரிழந்தனர்’ என்று எழுதினால் சுட்டவர் யாரென்று வாக்கியத்தில் இல்லை. ‘நால்வரைச் சுட்டுக் கொன்றனர்’ என்றால் கை தெரிகிறது. அதேபோல் ‘அலுவலகங்கள் எரிந்தன’ என்றால் தீ வைத்தவர் காணாமல் போகிறார். எழுவாயும் செயப்பாட்டு வினையும் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகள் அன்றைக்கு நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதற்குப் பழைய செய்தியையே எடுங்கள். கூடங்குளம் போராட்டம் நடந்த காலத்தில் நான் இரண்டு தரப்புத் துண்டறிக்கைகளையும் வகுப்பில் கொடுத்து உத்திகளைத் தேடச் சொன்னேன். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பெண் அந்தத் தாளைத் தொடவே இல்லை. அவள் வீட்டுக் கவலையை நான் பயிற்சித்தாளாக ஆக்கிவிட்டேன். அன்று மாலை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சுடச்சுட இருக்கும் விஷயத்தைத் தொடுவதற்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பழக்கம் வேண்டும், நம்மீது நம்பிக்கையும் வேண்டும்.

தேர்வுக்கு வருகிறேன். ‘இப்பத்தியில் உள்ள உத்தி யாது?’ என்று மட்டும் கேட்டால் மனப்பாடம்தான் வரும். ஒரு பத்தி கொடுங்கள். உத்தியைக் காட்டுவதற்கு இரண்டு மதிப்பெண் போதும். அதை நீக்கி அதே செய்தியைச் சொந்தமாக எழுத மூன்று. இதை நம்புவதற்கு முன் இன்னும் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு ஐந்து. அந்தக் கடைசிக் கேள்விக்கு விடைக்குறிப்பு தயாரிக்காதீர்கள். பிள்ளை கேட்டிருக்கும் கேள்வி நியாயமானதா என்று மட்டும் பாருங்கள்.