அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை: இதை மாற்ற எத்தனை ஓட்டு வேண்டும்?

அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை தருவது 1868-இல் வந்த, அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம். ஆனால் அதிலேயே ஒரு நிபந்தனை உண்டு. பிறந்தவர் அந்த நாட்டின் ‘அதிகார வரம்புக்கு உட்பட்டவராக’ இருக்க வேண்டும். சண்டை முழுக்க இந்த வார்த்தைகளைப் பற்றித்தான்.

1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கு வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெற்றோர் சீனர்கள், அன்றைய சட்டப்படி அமெரிக்கக் குடியுரிமை வாங்கவே முடியாதவர்கள். மகன் குடிமகன்தான் என்றது உச்ச நீதிமன்றம். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு.

2025 ஜனவரி 20-இல் டிரம்ப் ஓர் ஆணை போட்டார். தாய் அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லையென்றால், பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நம்மூர்த் தம்பதிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தது இதுதான். கீழமை நீதிமன்றங்கள் இதை நிறுத்தி வைத்தன.

ஆணை வேண்டாம், திருத்தமே கொண்டுவருவோம் என்றால்?

[திரையில்: 290, 67, 38]

எல்லோரும் வந்து ஓட்டுப் போட்டால், பிரதிநிதிகள் அவையில் 435-இல் 290, செனட்டில் 100-இல் 67 வேண்டும். அதிபர் கையெழுத்து தேவையே இல்லை. பிறகு 50 மாநிலங்களில் 38 ஏற்க வேண்டும். அதாவது 13 மாநிலங்கள் அசையாமல் இருந்தாலே கதை முடிந்தது. நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலத்திலும் இரண்டு அவைகள். இரண்டில் ஒன்று முரண்டு பிடித்தாலும் அந்த மாநிலம் கணக்கில் வராது. 1990-களிலிருந்தே இப்படித் தீர்மானங்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தாக்கலாகின்றன. ஒன்றும் தேறவில்லை.

பிறப்புக் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் திருத்தம் அயர்லாந்தில் தேறியது. அங்கே நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் பொதுவாக்கெடுப்பில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2004 ஜூன் 11-இல் சுமார் 79 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

அவர்கள் எழுதிய விதத்தைக் கவனியுங்கள். யாருக்கு, எத்தனை வருடம் என்பதையெல்லாம் அரசியலமைப்பில் திணிக்கவில்லை. பெற்றோரில் ஒருவர்கூட ஐரிஷ் குடிமகனாக இல்லாவிட்டால் பிறப்புரிமை தானாக வராது, சட்டம் முடிவு செய்யும் என்று விட்டுவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், விதியை மாற்ற மறுபடி வாக்கெடுப்புக்குப் போக வேண்டாமே!

2005 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு மட்டும் அப்படிச் சட்டம் வகுத்த விதி பொருந்தியது: பிறப்புக்கு முந்தைய 4 ஆண்டுகளில் பெற்றோரில் ஒருவர் 3 ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். மாணவர் விசாவில் கழித்த காலமும், அடைக்கலம் கேட்டுக் காத்திருந்த காலமும் சேராது. வேறெந்த நாட்டின் குடியுரிமைக்கும் வழியில்லாத குழந்தைக்கு மட்டும் பிறப்பே போதும் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள்.