நாக்கின் பின்பாதி

கோவை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் காலை வணக்கம்.

ஒரு பொருள் எதற்கும் உதவாது என்று சொல்லவேண்டுமானால், "அதை வெச்சு நாக்குத்தான் வழிக்கணும்" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். 30 ஆண்டுகளாகக் கோபிசெட்டிபாளையத்தில் பல் மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, இந்தப் பேச்சின் மீது நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. நாக்கு வழிப்பதை அத்தனை அற்பமான வேலையாக எண்ணிவிட்டதனால்தானோ என்னவோ, வாய் நாறினால் வயிற்றைக் குறை சொல்கிறோம், வெங்காயத்தைக் குறை சொல்கிறோம், நாக்கை மட்டும் விட்டுவிடுகிறோம்.

தடப்பள்ளி வாய்க்கால் கரையில் என் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, தோட்டம் இருந்தது. விடியலில் வேப்பங்குச்சியை மென்று பல் துலக்கி முடித்ததும், அதே குச்சியை நெட்டுவாக்கில் இரண்டாகப் பிளந்து, வில்போல வளைத்து, உட்புறத்தால் நாக்கை வழிப்பார். வேப்பங்குச்சி கிடைக்காத நாளில் பச்சைத் தென்னை ஈர்க்கு. வழித்தபின் குச்சியை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எறிவார். அப்படி என்ன பார்க்கிறார் என்று சிறுவயதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். இன்று என்னிடம் வருகிறவர்களை நானும் அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

நாக்கின் மேற்புறம் வழுவழுப்பானதன்று. நூல் துவாலையைப் போல நுண்ணிய இழைகள் நிறைந்தது. அந்த இழைகளுக்கிடையே உணவுத் துகளும், வாயின் உட்புறத்தோலிலிருந்து உதிர்ந்த செல்களும், எச்சிலின் பசையும் தங்கிவிடுகின்றன. காற்று அதிகம் புகாத அந்த இடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்கள் இவற்றிலுள்ள புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிவருகின்றன. அவற்றுள் முக்கியமானது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நாமக்கல்லிலிருந்து வந்த முட்டை வீட்டில் மறந்துபோய்க் கெட்டால் என்ன நாற்றம் வருமோ, அதே வாயுதான் இதுவும். தொடர்ந்து வாய் நாறுகிற 100 பேரில் 80 பேருக்கும் மேல் அதன் பிறப்பிடம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் நாக்கின் பின்பாதியிலும், வீங்கிய ஈறுகளின் ஓரத்திலும்.

வயிற்றிலிருந்து வருகிறது என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதற்கு, சோமனூர்ப் பக்கத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் என் எதிரே அமர்ந்தபோது, வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசினார். சட்டைப்பையில் ஏலக்காய்; இன்னொரு பையில் கிராம்பு. "வயிறு சுத்தமில்லைங்க டாக்டர், ரெண்டு வருசமா மாத்திரை சாப்பிடறேனுங்க" என்றார். குழாய்விட்டு வயிற்றைப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று வந்த அறிக்கையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பிறகு சற்றுத் தயங்கி, ஏழு வயது மகள் சொன்னதைச் சொன்னார். மடியில் உட்காரவைத்துக் கதை சொல்லப்போன தகப்பனிடம் அந்தக் குழந்தை, "அப்பா, நீங்க போன்லயே பேசுங்க" என்றதாம். மனைவி இரண்டு வருடமாகச் சொல்லத் தயங்கியதைக் குழந்தை ஒரே வரியில் சொல்லிவிட்டது.

நாக்கை நீட்டச் சொன்னேன். முன்பாதி நல்ல சிவப்பு. பின்பாதியில் மஞ்சள் கலந்த வெண்ணிறப் படிவு, ஆறிய பாலின் ஆடைபோல. "நாக்கு வழிப்பதில்லையா?" என்று கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. மாமியார் வீட்டில் கொடுத்த வெள்ளி நாக்கு வழிப்பான் இருக்கிறதென்றும், தாம் வழிக்கும் ஓசை மூன்று வீட்டுக்குக் கேட்கும் என்றும் சொன்னார். மறுநாள் அதையே கொண்டுவரச் செய்து, தொட்டியருகே நின்று வழித்துக் காட்டச் சொன்னேன். ஓங்கரித்த ஓங்கரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆனால் அந்த வெள்ளித் தகடு நாக்கின் நடுப்பகுதியைத் தாண்டவே இல்லை. நேயர்களே, இதை நான் திரும்பவும் சொல்கிறேன்: ஓசை பின்பாதிவரை போயிற்று, தகடு போகவில்லை.

தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை முதலியவற்றால், முனை கூராக இல்லாமல், வளைவாக நாக்கு வழிப்பான் இருக்கவேண்டும் என்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை கூறுகிறது. உலோகம் எதுவானாலும் பரவாயில்லை, எவர்சில்வரே போதும். தகடு எங்கே தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. நாக்கை நன்றாக வெளியே நீட்டி, மூச்சை வாய்வழியே மெல்ல வெளியே விட்டுக்கொண்டே, குமட்டாத அளவுக்குப் பின்னால் தகட்டை வைத்து, அழுத்தாமல் முன்னோக்கி ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். தகட்டைக் கழுவிவிட்டு மறுபடியும். நான்கைந்து முறை போதும். இன்று தொட்ட இடத்திலிருந்து நாளை ஒரு நகத்தளவு பின்னே போனால், இரண்டு வாரத்தில் குமட்டல் பழகிவிடும். நாக்கு எரிந்தாலோ இரத்தம் கசிந்தாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள். சோமனூர்க்காரருக்கு ஈறோரம் பல்லில் இறுகிப் படிந்திருந்த காரையையும் எடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து வந்தவர் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசினார். ஏலக்காய் மட்டும் பையில் இருந்தது, பழக்கதோஷம் என்றார்.

ஒருநாள் வழித்துவிட்டு ஒரு வாரம் இருக்கலாம் என்று எண்ணவேண்டாம். சில மணி நேரத்திலேயே படிவு மீண்டும் சேரத் தொடங்குகிறது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடுவதால், காலையில் எல்லோருடைய வாயும் நாறத்தான் செய்யும், அது நோயன்று. தண்ணீர் குடிக்க நேரமின்றி இரவு ஷிப்டு பார்க்கும் மில் தொழிலாளர்களுக்கும், வாயால் மூச்சுவிடுபவர்களுக்கும் பகலிலும் அதே நிலைதான். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஓர் உரை பேசவேண்டும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் விரல் இரண்டைக் காட்டுகிறார்கள். வெள்ளி வழிப்பானிலேயே நேரம் போய்விட்டது. ஆகவே மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பல் வைத்திருப்போர் இரவில் அதைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுவையுங்கள். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் ஒவ்வாமை மாத்திரைகளும் வாயை உலர்த்தும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாக்கும் ஈறும் சுத்தமாக இருந்தும் நாற்றம் போகவில்லையென்றால் தொண்டைச் சதையையும் மூக்கையும் பார்க்கவேண்டும். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழுத்த பழத்தின் வாடை வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். உங்கள் வாய் நாறுகிறதா என்று தெரிந்துகொள்ள, மணிக்கட்டை நாக்கால் நக்கி, பத்து எண்ணி, முகர்ந்து பாருங்கள். பேருந்தில் செய்யாதீர்கள், பார்க்கிறவர்கள் தவறாக நினைப்பார்கள். குழந்தைகளுக்கு எந்த வயதில் தொடங்குவது என்று கடிதம் எழுதிக் கேட்டிருந்த பெருந்துறை நேயருக்கு, மென்மையான துணியால் துடைத்துவிடுவதே இப்போதைக்குப் போதும் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு விடைபெறுகிறேன். வணக்கம்.