முதலில் படத்தைப் பாருங்கள்

வணக்கம், நேயர்களே.

நெல்லையில் புத்தகத் திருவிழா நடக்கும்போது சிறுவர் புத்தக அரங்குகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். புத்தகத்தை எடுத்ததும் பலர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, என்ன நீதி என்றுதான் தேடுகிறார்கள். "இதுல எழுத்தே இல்லையே, இதுக்கா இவ்வளவு விலை?" என்று திரும்ப வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி வைத்துவிடுகிற சிறுவர் படப் புத்தகத்துக்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. நாம் வரியை வாசிக்கும் நேரத்தில் அது படத்தை வாசித்துக்கொண்டிருக்கும். ஆகவே கையால் வரியை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். பூனை பால் குடித்தது என்று வரி சொல்கிறது, படத்திலும் அதேதான் என்றால், பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. அதே படத்தில் அலமாரி மேலிருந்து ஒரு எலி எட்டிப் பார்க்கிறது, வரியில் எலியைப் பற்றிப் பேச்சே இல்லை என்று வையுங்கள். நாம் கவனிக்கும் முன்பே பிள்ளை "எலி!" என்று கத்திவிடும். அடுத்த பக்கத்திலும் அதைத்தான் தேடும். இப்படித் தேட இடம் இருக்கிற புத்தகத்தை யோசிக்காமல் வாங்கலாம்.

அப்புறம், கடையிலேயே இரண்டு வரியை வாய்விட்டு வாசியுங்கள். மொழிபெயர்த்த புத்தகங்களில் சில வாக்கியங்கள் வாயில் நிற்காது. நமக்கே தடுக்கினால் பிள்ளை எப்படிக் கேட்கும்?

வரியே இல்லாத புத்தகங்களை நான் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பல பிள்ளைகள் ஆச்சியிடம் வளர்கிறார்கள். ஒரு ஆச்சி, எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவர், பீடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேத்தியை மடியில் இருத்தி அப்படிப்பட்ட புத்தகத்தை விரித்ததைப் பார்த்திருக்கிறேன். படத்தில் ஒரு ஆடு வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது. "இந்தா பாரு, சொல்லச் சொல்லக் கேக்காம போவுது. எங்க போவுது சொல்லு?" என்றார். "அதோட அம்மைட்ட" என்றது பிள்ளை. அந்தப் படத்தில் தாய் ஆடே கிடையாது. வாசிக்கத் தெரிந்த நாம் வரி முடிந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஆச்சி திருப்பவில்லை.

படத்தில் நம்ம ஊரும் வரட்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாவைத் தினமும் பார்க்கிற பிள்ளை, அதன் அலகுப் பையைச் சின்னதாக வரைந்திருந்தால் ஓவியருக்கே திருத்தம் சொல்லும். பனிக்கரடியும் வேண்டும்தான், அதற்கென்ன.

கைக்குழந்தைக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் போதும், வாயில் வைக்கத்தான் செய்யும். பெரிய பிள்ளைகளுக்கு நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, தாரா, பிரதம் புக்ஸ் வெளியீடுகளைப் பாருங்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கைப்பேசியில் திறந்தாலும் மடியில் வைத்துச் சேர்ந்தே பாருங்கள்.

கிழித்துவிடும் என்று பயந்து அலமாரியில் பூட்டாதீர்கள். கிழிந்தால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒட்டுங்கள். டேப்பை அதுவே பிடித்துக்கொள்ளும்.

நன்றி, வணக்கம்.