நீர் அறிவீர், ஆண்டவரே

(கோத்தகிரியில், ஆலயப் பெண்கள் ஐக்கிய விழாவில் பேசியது)

மேடையில் இருக்கும் ஐயா அவர்களுக்கும், சபையாருக்கும், பின் வரிசையில் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்கும் ஸ்தோத்திரம். எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஜெபிக்கும் தாய்'. நேரம் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை எங்கள் அம்மாவிடம் கொடுத்திருந்தால் வியாதியஸ்தர் பட்டியலையே தாண்டியிருக்க மாட்டார்.

அம்மா இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், கடைசியில் இந்த மலை. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுத்த அரசு டேன்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தார். "அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து, நடுவில் ஒரு கடல்" என்பார். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே வேதாகமத்தில்தான். அதனால் எழுதினாலும் அந்தத் தமிழ்தான் வரும். கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் "மண்ணெண்ணெய் ஒரு லிட்டர் தந்தருளும்" என்று இருக்கும். கடைக்காரர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் அளந்து ஊற்றுவார்.

வீட்டில் கடிகாரம் கிடையாது. வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைதான் கடிகாரம். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது, 94 வாக்கிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரம் பிடிக்கும். டிகிரியெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் மண்டபத்தில் ஒரு கீர்த்தனையில் வெந்த அரிசிக்கு இங்கே ஒன்றரை வேண்டும் என்று வந்த புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். லெந்து காலத்தில்தான் சிக்கல். அந்த நாற்பது நாளும் பாடுகளைப் பற்றிய பாட்டு மட்டும்தான், அதையும் இழுத்து இழுத்துத்தான் பாட வேண்டும். பெரிய வெள்ளி வரைக்கும் எங்கள் வீட்டில் சோறு குழைந்தே இருக்கும்.

அப்புறம் பிடி அரிசி. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசி தனியாக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மா ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மாதக் கடைசியில், படி போய் டின்னின் அடியில் தட்டும்போது மட்டும் என் தம்பியைக் கூப்பிடுவார். "இன்னிக்கு நீ போடுடா ராசா." ஐந்து வயதுப் பிள்ளையின் பிடியில் எவ்வளவு நிற்கும்? அதிலும் விரலிடுக்கில் சிந்தியதைப் பொறுக்கி எங்கள் டின்னிலேயே போட்டுவிடுவார். பிடி என்றால் பிடி. யாருடைய கை என்று வேதத்தில் எங்கே போட்டிருக்கிறது?

அம்மா எங்களை முகத்துக்கு நேரே திட்டி நான் கேட்டதில்லை. எல்லாம் ராத்திரிக் குடும்ப ஜெபத்தில்தான். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது, ஜெபத்தில் குறுக்கே பேசலாமா? "ஆண்டவரே, கணக்குப் பரீட்சைத் தாளை டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிற பிள்ளையை நீர் அறிவீர்." அண்ணன் மெதுவாக ஒரு கண்ணைத் திறப்பான். "ஜெப வேளையில் கண்ணைத் திறக்கிற பிள்ளையையும் நீர் அறிவீர்."

அப்பாவுக்குத் தனிப் பகுதி உண்டு. அப்பா தங்கமான மனிதர். சம்பள நாளில் மட்டும் வீட்டுக்கு வழி தெரியாமல் போய்விடும். "சம்பளத்தோடு அலைகிற ஆட்டை நேரே வீட்டுக்கு நடத்தும் ஆண்டவரே" என்று அம்மா உருகுவார். பீடி வாசனையோடு சுவரில் சாய்ந்திருக்கும் அந்த ஆடுதான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்லும்.

அம்மாவின் ஜெபத்துக்கு வெளியிலும் கிராக்கி இருந்தது. பக்கத்து ஹட்டியிலிருந்து பால் கொண்டுவரும் படக அக்கா, ஹெத்தையம்மன் பண்டிகையை ஒரு வருஷமும் விடாதவர், தன் பசு சினை பிடிக்கவில்லை என்று வந்து, "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றார். அம்மா பசுவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, பெயர் சொல்லியே ஜெபித்தார். கன்று பிறந்தது. யாருடைய சாமி கொடுத்தது என்ற பேச்சு இரண்டு பேருக்குள்ளும் வரவே இல்லை. சீம்பால் எங்கள் வீட்டுக்கும் வந்தது, அவ்வளவுதான்.

அப்பா காலமான பிறகு வந்த முதல் சம்பள நாள் ராத்திரி. அம்மா பழக்க தோஷத்தில் "சம்பளத்தோடு அலைகிற ஆட்டை" என்று ஆரம்பித்துவிட்டார். நாங்கள் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டோம். அம்மா மட்டும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி ஆண்டவரே, அது இப்போது உம்முடைய பட்டியில் இருக்கிறது, நீரே பார்த்துக்கொள்ளும்" என்றார். "சட்டைப் பையை மட்டும் ஒருமுறை தடவிப் பாரும், பீடிக்கட்டு இருக்கும்."