பால்குடி நாள்ல விட்ட வளர்ச்சி

வணக்கம் நேயர்களே. குட்டி போடுற பிராணி எத வளர்க்கறவங்களும் இத கேப்பாங்க, ஒரே ஈத்துல பொறந்ததுல ஒண்ணு மட்டும் ஏங்க நோஞ்சானா நிக்குது, நல்லா தீனி போட்டா பின்னாடி தேறிடாதான்னு. தேறலாம், ஆனா அது எந்த வயசுல வாடுச்சுங்கறத பொறுத்துதான்.

1960கள்ல இங்கிலாந்துல மெக்கான்ஸ், எல்ஸி விட்டோசன்னு ரெண்டு விஞ்ஞானிங்க எலிய வெச்சு இத பார்த்தாங்க. ஒரு தாய்கிட்ட 3 குட்டி, இன்னொரு தாய்கிட்ட 15, 20 குட்டின்னு பிரிச்சு விட்டாங்க, எலிக்கு இருக்கறதே 12 காம்புதான், அப்ப கூட்டத்துல இருக்கற குட்டிக்கு என்ன பால் கெடைக்கும் பாருங்க. 3 வாரத்துல பால் மறக்கடிச்சு எல்லாத்துக்கும் வயிறு முட்ட தீனி வெச்சும் அந்த கூட்டத்து குட்டிங்க கடைசி வரைக்கும் சின்னதாவேதான் இருந்துச்சு. அதுவே 9 வாரத்துக்கு மேல கொஞ்ச நாள் தீனிய கொறைச்ச எலிங்க, திரும்ப போட்டதும் எடைய புடிச்சிடுச்சு!

மூளையும் அப்படித்தான், எலிக்கு அது வேகமா வளர்றதே இந்த பால்குடி நாள்லதான். கினிப் பன்றின்னு எலி மாதிரி ஒரு சின்ன பிராணி இருக்கு, பேர்லதான் பன்றி, அதுக்கு அந்த வேலை பெரும்பாலும் வயித்துக்குள்ளயே முடிஞ்சிடும், அதனால அங்க சினையா இருக்கற தாயோட தீனிதான் முக்கியம்.

அதுக்காக குட்டி ரொம்ப கம்மியா இருந்தா நல்லதுன்னும் இல்ல, அளவுக்கு மீறி பால் குடிச்ச எலிக்குட்டி பெருசானப்புறமும் கொழுப்பு போட்டே நிக்குது.

பன்றிக்குட்டிய கிட்ட இருந்து பாருங்க, பொறந்த கையோட காம்புக்கு சண்ட, சில நாள்ல ஆளுக்கொரு காம்புன்னு முடிவாகிடும், பால் அதிகம் வர்ற முன்பக்க காம்ப பெரும்பாலும் பெரிய குட்டிங்க புடிச்சுக்கும். இதுல சீம்பால் விஷயம் இன்னும் அவசரம், தாயோட எதிர்ப்பு சக்தி கருவுலயே குட்டிக்கு போறதில்ல, சீம்பால்லதான் வரணும், அத குடல் உள்ள வாங்கறதும் ஏறத்தாழ முதல் ஒரு நாள்தான்.

அதனால ஈத்து பெருசா இருந்தா முதல் நாளே கவனிங்க. வயிறு நெறஞ்ச பெரிய குட்டிங்கள ஒரு மணி நேரம் கதகதப்பான பெட்டில தள்ளி வெச்சுட்டு, சின்னதுங்கள நிம்மதியா குடிக்க விடுங்க. அப்பவும் காம்பு பத்தலன்னா, சீம்பால் குடிச்ச குட்டிங்கள்ல நல்லா இருக்கறத, அதே சமயத்துல ஈன்ற வேற தாய்கிட்ட மாத்துங்க. முயல் வளர்க்கறவங்க தினமும் குட்டியோட வயித்த தொட்டு பாருங்க, தாய் பெரும்பாலும் நாளைக்கு ஒரு தடவ, அதுவும் சில நிமிஷம்தான் பால் குடுக்கும், அத விட்ட குட்டிக்கு அடுத்த நாள் வரைக்கும் பட்டினிதான். நன்றி, வணக்கம்.