தண்ணீரில் நிற்கும் பயிருக்கும் தாகம் எடுக்கும்

நேயர்களுக்கு வணக்கம். விடியற்காலையில் வரப்பில் நடந்தால் நெற்பயிரின் இலை நுனிகளில் ஒவ்வொரு நீர்த்துளி நிற்கும். பனி என்போம். பனி என்றால் இலை முழுக்க அல்லவா படிய வேண்டும்? நுனியில் மட்டும் நிற்பது பயிரே வெளியே தள்ளிய தண்ணீர். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, வேரோ உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய நீர் நுனியில் இருக்கும் தனி வழியாகக் கசிகிறது.

இந்த இலைத்துளை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தாமரைக்கு இலையின் மேல்புறம் மட்டும்தான். நெல்லுக்கு இருபுறமும் உண்டு. துளைக்கு இரண்டு பக்கமும் இரண்டு காப்பு செல்கள். அவற்றுக்குள் பொட்டாசியம் புகும், பின்னாலேயே தண்ணீர் புகும். காற்றடித்த சைக்கிள் டியூப் போல அவை விறைத்து விலக, நடுவே துளை திறக்கும்.

திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். காற்றில் அது 10,000 பங்குக்குச் சுமார் 4 பங்குதான். அந்தச் சொற்பத்துக்காகத் திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகப் போகிறது. வேர் உறிஞ்சுவதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படித்தான் போகிறது. அதை வீண் என்றும் சொல்ல முடியாது. வெயிலில் இலை சூடேறாமல் காப்பது அதுதான்.

தண்ணீர் குறைந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பயிருக்குள் சேர்ந்து துளையை மூட வைக்கும். நெல் இலையையும் சுருட்டிக்கொள்ளும். உச்சி வெயிலில் லேசாகச் சுருண்டு சாயங்காலம் விரிந்துவிட்டால் பயமில்லை. காலையிலேயே சுருண்டிருந்தால் தள்ளிப்போடாமல் பாய்ச்சுங்கள். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், என்னைக் கேட்டால், தேதியைவிட இலையைப் பார்ப்பதே மேல். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு இது நல்ல அடையாளம். பூக்கும் பருவத்தில் மட்டும் இந்தச் சோதனையே வேண்டாம், வயலில் தண்ணீர் நிற்கட்டும்.

சரி, தண்ணீர் நின்றும் சுருளுகிறதே என்று கடைமடைக்காரர்கள் கேட்பீர்கள். வேதாரண்யம் மாதிரி கடலோரப் பகுதிகளில் உப்பு ஏறிய தண்ணீரை வேரால் எளிதில் இழுக்க முடியாது. காலடியில் தண்ணீர் இருந்தும் பயிருக்குத் தாகம்தான். நல்ல தண்ணீர் வரும்போது பாய்ச்சி வடித்து உப்பைக் கழுவினால்தான் தீரும்.

அப்புறம் உரம். யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறோம், பொட்டாஷ் என்றால் அடுத்த போகத்தில் பார்க்கலாம் என்கிறோம். இலைத்துளையைத் திறக்கும் பொட்டாசியம் அந்த மூட்டையில்தான் இருக்கிறது. மண் பரிசோதனை அட்டையில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், குறைவு என்றிருந்தால், அடியுரத்தோடு நிறுத்தாமல், தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்துப் போடுங்கள். வணக்கம்.