நாற்பது நாள் காற்றாட ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெட்டி முடித்த சோப்புக் கட்டிகள் மேசைமேல் வரிசையாக இருக்கின்றன. தொட்டால் இன்னும் பனீர் மாதிரி மெத்தென்று இருக்கிறது. அடுத்த நாலு முதல் ஆறு வாரம் இவற்றை எங்கே வைக்கப் போகிறீர்கள்? சோப்பு செய்யக் கற்றுக்கொள்ள என் வீட்டுக்கு வருகிறவர்கள் எண்ணெய்க் கணக்கையும் காஸ்டிக் சோடா அளவையும் வரி விடாமல் எழுதிக்கொள்கிறார்கள். இந்தக் கேள்வி மட்டும் சோப்பை வெட்டும்போதுதான் அவர்கள் நினைவுக்கு வருகிறது.

எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து சோப்பாக மாறும் வேலை முதல் இரண்டு நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அப்புறம் நடப்பது உலர்தல். உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்ல வெளியேறி, கட்டி இறுகி, தோலுக்கு இதமாகிறது. இதைத்தான் க்யூரிங் என்கிறோம். பொறுக்காமல் பத்தாம் நாளே எடுத்துக் குளித்தால், ஒரு வாரத்தில் சோப்பு டப்பாவில் கூழ்தான் மிஞ்சும். ஆகவே, கட்டியின் அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் காற்றுப் படவேண்டும். அதற்குத்தான் ராக், அதாவது காற்றோட்டமான அடுக்கு.

நான் முதலில் வாங்கியது பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டு. இரும்புக் கம்பிக்கு மேலே வெள்ளைப் பூச்சு. பார்க்கச் சுத்தமாக இருந்தது. எங்கள் வீடு சென்னையில், கடலுக்குப் பக்கத்தில். அது ஐப்பசி மழைக்காலம். தவிட்டு எண்ணெய் சேர்த்துச் செய்த 36 கட்டிகளை அதில் அடுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது வாரம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். கம்பி பட்ட இடத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு. அதைச் சுற்றி மிளகளவு ஆரஞ்சுப் புள்ளிகள். மோந்து பார்த்தால் பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தது போலச் சிக்கு வாடை. பூச்சு மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்த இடங்களில் எல்லாம் துரு. அன்று ஒவ்வொரு கட்டியாகத் திருப்பிப் பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

காரணம் இதுதான். இரும்பும் செம்பும் துளி பட்டால் போதும், எண்ணெய் சிக்கு அடிப்பதை வேகப்படுத்தும். சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் சோப்புகளுக்கு இந்த ஆபத்து அதிகம். தேங்காய் எண்ணெய் சோப்பு ஓரளவு தாங்கும். அலுமினியத் தட்டும் வேண்டாம், அலுமினியத் தாள் விரிப்பதும் வேண்டாம். காஸ்டிக் போன்ற காரத்துக்கும் அலுமினியத்துக்கும் ஆகவே ஆகாது. புதுச் சோப்பு அதைக் கறுக்க வைத்துவிடும். துத்தநாகம் பூசிய கம்பி வலையும் அப்படித்தான். எவர்சில்வர் நல்லது, ஆனால் கடலோர வீடுகளில் 202 ரகம் கூடத் துருப்பிடிக்கும், 304 என்று கேட்டு வாங்குங்கள். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலுமே பொதுவாக ஒட்டாது.

சரி, நான் இப்போது எதில் வைக்கிறேன்? காய்கறிக் கடையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் அடியிலும் ஓட்டை. ஒன்றின்மேல் ஒன்று பூட்டினாற்போல உட்காரும். புதிதாக வாங்குங்கள், பழையதில் வெங்காய வாடை போகாது. அடியில் பழைய பருத்தி வேட்டித் துணி ஒரு மடிப்பு விரித்தால் ஓட்டையின் தடம் சோப்பில் பதியாது. செய்தித்தாள் மட்டும் கூடாது, மை ஒட்டிக்கொள்ளும்.

இடத்தை மிச்சப்படுத்தும் வித்தை கட்டியை வைக்கும் விதத்தில் இருக்கிறது. என் கட்டி 8 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம். 55-க்கு 35 செ.மீ. கிரேட்டில், ஒரு விரல் இடைவெளி விட்டுப் படுக்க வைத்தால் 30 கட்டி. நீளவாட்டில் விளிம்பின்மேல் நிறுத்தினால் 45. இதற்கும் மேல் ஆசைப்பட்டுச் செங்குத்தாக நிறுத்தினேன், பக்கத்து அறைக் கதவைச் சாத்தியதற்கே ஒரு வரிசை சரிந்தது. முதல் இரண்டு மூன்று நாள், கட்டி மெத்தென்று இருக்கும்வரை, படுக்கவே வையுங்கள்.

நூறு கிராம் கட்டி 45 என்றால் ஒரு கிரேட் நாலரைக் கிலோ. ஐந்து அடுக்கினால் இருபத்திரண்டு கிலோவைத் தாண்டும். குழந்தை பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுவரில் கொக்கி அடித்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். இது என் கண்டிப்பான வேண்டுகோள். புதுச் சோப்பு எப்போதும் மேல் அடுக்கில், கைக்கு எட்டாமல். வாரா வாரம் கிரேட்டை ஒரு படி கீழே இறக்குவேன். ஒவ்வொன்றிலும் வெட்டிய தேதி எழுதிய சீட்டு.

பாலஸ்தீனத்தின் நாப்ளஸ் நகரில் ராக்கே கிடையாது. ஆலிவ் எண்ணெய் சோப்புக் கட்டிகளைக் காற்றுப் போக இடைவெளி விட்டு, உள்ளே வெற்றிடமாக, ஆள் உயரத்துக்கும் மேல் கூம்புக் கோபுரமாக அடுக்குகிறார்கள். சோப்பே சோப்பைத் தாங்குகிறது. அந்தச் சோப்புக் கலையை யுனெஸ்கோ 2024-இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர்க் கடலோர ஈரத்தில், சிறிய வீட்டில், அந்தக் கோபுரம் கட்ட முடியாது. ஆனால் அந்த இடைவெளியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பால்கனியில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வெயில் பட்டால் நிறமும் வாசனையும் போகும். அதோடு நம் காகங்களுக்குச் சோப்பு என்றால் உயிர். எலியும் கடிக்கும். வீட்டுக்குள், மின்விசிறிக் காற்று எட்டும் மூலையில், மேலே ஒரு கொசுவலைத் துணி போர்த்தி வையுங்கள். கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். அங்கே காற்று நகராது, மழைக்காலத்தில் சோப்பு வியர்க்கும். வியர்த்தால் துடைக்க வேண்டாம், விசிறியைப் போட்டுவிடுங்கள்.

எப்போது எடுப்பது? ஒவ்வொரு கிரேட்டிலும் ஒரு கட்டியின் மூலையில் கீறி அடையாளம் வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். 112 கிராமில் தொடங்கிய என் கட்டி 106, 103 என்று இறங்கி, ஆறாவது வாரம் 100-இல் நின்றது. இரண்டு வாரம் தொடர்ந்து முள் அசையாமல் நின்றால், அந்தக் கிரேட்டைக் கீழே இறக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோகலாம்.

நன்றி, வணக்கம்.